அறுபது தாண்டிய தோளுக்கு எந்த வில்?

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியிருப்பதன் சாரத்தை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இராமநாதபுரம் கரையோரம் உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பில் குடியிருக்கிறீர்கள். வயது 66. வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் வில் பழகினீர்கள். மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறார். இலையுதிர் காலத்தில் அங்கே போகும்போது முறைப்படி உரிமம் எடுத்து அவரோடு மான் வேட்டைக்குப் போகிறீர்கள். கையில் இருப்பது 60 பவுண்டு காம்பவுண்டு வில், அதாவது நுனிகளில் சக்கரம் வைத்த, இழுக்க 60 பவுண்டு விசை கேட்கும் வில். கொஞ்ச காலமாக வலது தோள் குடைகிறது. தசைநாரில் பாதிக் கிழிசல் என்று மருத்துவர் சொல்லி, பயிற்சியிலேயே ஓரளவு தேறியிருக்கிறீர்கள். கண்புரை அறுவையும் முடிந்துவிட்டது. லெட் ஆஃப் (முழு இழுப்பில் எடை குறையும் பங்கு) 90 சதவீதம் உள்ள புது வில் வாங்கினால் அதே 60 பவுண்டில் தொடரலாமா, 40-க்கு இறங்கினால் மானுக்குப் போதுமா, இந்த உப்புக்காற்றில் எந்த வில் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

60-ல் தொடர வேண்டாம். 40 முதல் 50 பவுண்டு வரை கூட்டிக் குறைக்கக்கூடிய லிம்ப் (வில்லின் வளையும் கை) உள்ள வில்லை வாங்குங்கள். 40-ல் ஆரம்பித்து, தோள் இடம் கொடுத்தால் 45-ல் நிறுத்துங்கள். மானுக்கு அது போதும். லெட் ஆஃப் எண்ணைப் பார்த்து வில் வாங்காதீர்கள். வயதான தோளைப் பழுதாக்குவது நாணை இழுத்து நிறுத்திய பிறகு தாங்கும் எடையன்று, அங்கே போய்ச் சேருவதற்குள் தோள் கடக்கும் எடை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாகவே வந்துவிடும். விளம்பரத்தாள் எதிலும் இது எழுதியிருக்காது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மிசௌரியைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன் 1969-இல் காம்பவுண்டு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். மையம் விலகிய சக்கரத்தை லிம்பின் நுனியில் வைத்தால், நாணை இழுக்க இழுக்க முதலில் எடை ஏறும், கடைசியில் சட்டென்று விழும். விழுந்த பங்குதான் லெட் ஆஃப். 60 பவுண்டு வில்லில் 85 சதவீதம் என்றால் முழு இழுப்பில் நீங்கள் தாங்குவது 9 பவுண்டு. 45 பவுண்டு வில்லில் 80 சதவீதம் என்றாலும் தாங்குவது அதே 9 பவுண்டுதான். நின்று குறி பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் வில்லில் உங்கள் தோள் 60 பவுண்டைக் கடந்து வந்திருக்கிறது, இரண்டாவதில் 45-ஐ. கிழிந்து தேறிய தசைநாருக்கு அந்த 15 பவுண்டு சிறிய விஷயமன்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மான் திரும்பிப் போய்விட்டது, அம்பை விடாமல் நாணைத் தளர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லெட் ஆஃப் மிக அதிகமான வில்லில், சக்கரம் புரளும் அந்த ஓரிரு அங்குலத்துக்குள் 6 பவுண்டாக இருந்த எடை 60-ஆக எகிறிக் கையைப் பறித்துக்கொண்டு முன்னால் ஓடும். இழுக்கும்போது வராத வலி பலருக்கு இந்தத் தளர்த்தலில்தான் வருகிறது. முழு இழுப்பில் கொஞ்சம் அசந்தாலும் இதேதான் நடக்கும். ஆகவே 75 முதல் 80 சதவீதம் போதும். அதில் நாணில் சிறிது இழுவை மிச்சமிருப்பதால் குறியும் ஆடாமல் நிற்கும். 90 என்று பெருமையாக அச்சிட்டிருப்பதை உங்கள் தோளுக்கான சலுகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடையில் வில்லைக் கையில் வாங்கியதும் நின்றபடி இழுத்துப் பார்க்காதீர்கள். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். வில்லில் அம்பு பூட்டியிருக்க வேண்டும், எதிரே குறிப்பலகை இருக்க வேண்டும். வெறும் நாணை விட்டுவிட்டால் லிம்ப் வெடித்துவிடலாம். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து சற்றே தூக்கிக்கொள்ளுங்கள். அம்பின் முனை குறியை விட்டு ஒரு சாணும் மேலே போகாமல், வில்லை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, மூச்சை அடக்காமல் மெதுவாக இழுங்கள். முதல் நாலைந்து அங்குலம் எளிதாக வரும். பிறகு எடை ஏறி, முழங்கை தோள் மட்டத்துக்கு வரும் நேரத்தில் உச்சத்தில் நிற்கும். தோள் மூட்டின் முன்பக்கம் ஊசி குத்துவது போல ஏதாவது தெரிகிறதா என்று அந்த இடத்தில் கவனியுங்கள். இடுப்பு பின்னால் சாய்கிறதா, கன்னத்துத் தசை இறுகுகிறதா, வலது தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று கூட நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுத்து முடித்ததும் அரை நிமிடம் பிடித்து நிறுத்துங்கள். பிறகு அம்பை விடாமல், இழுத்த அதே வேகத்தில் தளர்த்துங்கள். தளர்த்தும்போது வில் உங்களை இழுக்காமல் நீங்கள் வில்லை இறக்கி வைக்க முடிந்தால் அந்த எடை உங்களுடையது. முடியவில்லை என்றால் ஆலன் சாவியால் (அறுகோணத் திருகுச் சாவி) இரண்டு லிம்ப் போல்ட்டுகளையும் ஒரே அளவாக ஒரு சுற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். பெரும்பாலான வில்களில் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று பவுண்டு இறங்கும். மறுபடி பாருங்கள்.

வானத்தை நோக்கி வில்லைத் தூக்கி, உடம்பின் எடையைப் போட்டுக் கீழே இறக்கிக்கொண்டே இழுக்கும் பழக்கம் 60 பவுண்டுக்காரர்கள் பலரிடம் இருக்கிறது. வில் தங்கள் அளவுக்கு மீறியது என்பதற்கு அதுவே சாட்சி. தோளை இவ்வளவு கெடுக்கும் வேறொரு பழக்கம் எனக்குத் தெரியாது. அந்த நிலையில் கை நழுவினால் அம்பு எங்கே போய் விழும் என்றும் யாராலும் சொல்ல முடியாது.

உட்கார்ந்து பார்க்கச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. இந்த வயதில் நீங்கள் மரத்து மேடையில் ஏறக் கூடாது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அடிபடுவதில் பெரும்பங்கு மேடையிலிருந்து விழுவதால்தான். தரையில் போடும் மறைவுக் கூடாரத்தில் முக்காலியில் உட்கார்ந்துதான் அம்பு விடப் போகிறீர்கள். நாற்காலியில் எந்த எடை இயல்பாக வருகிறதோ, கூடாரத்திலும் அதுதான் வரும். அதிலிருந்தும் ஓரிரு பவுண்டு குறைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்புளி வெயிலில் உடம்பு எப்போதும் சூடாக இருக்கிறது. அங்கே நவம்பரில் உறைநிலையை ஒட்டிய குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, தடித்த மேலங்கியோடு இழுக்கும்போது இதே வில் கனக்கும்.

இனி, மானுக்கு 45 போதுமா என்பது. பென்சில்வேனியாவின் வேட்டை விதி வில்லுக்குக் கேட்பது குறைந்தது 35 பவுண்டு. சட்டத்துக்குப் போதும் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. காயத்தோடு ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும் மானுக்கு அம்பு விட்டவர்தான் பொறுப்பு. எனவே கணக்கைப் பார்ப்போம். அம்பின் எடையைக் கிரெயினில் எடுத்து, வேகத்தை விநாடிக்கு அடியில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அம்பின் ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். 45 பவுண்டு வில், 27 அங்குல இழுப்பு, 405 கிரெயின் அம்பு. அதாவது பவுண்டுக்கு 9 கிரெயின், ஏறக்குறைய 26 கிராம். வேகம் 215 அடி என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டால் 41 அடி-பவுண்டுக்கு மேலே வருகிறது. ஈஸ்டன் நிறுவனத்தின் பழைய அட்டவணை மான் போன்ற விலங்குகளுக்குச் சொல்வது 25 முதல் 41 வரை. அந்த வரம்பின் மேல் விளிம்பில் நீங்கள் நிற்கிறீர்கள்.

விளம்பரத்தில் போடும் 330, 340 அடி வேகமெல்லாம் 70 பவுண்டில், 30 அங்குல இழுப்பில், 350 கிரெயின் அம்பை வைத்து அளந்தது. இழுப்பில் ஓர் அங்குலம் குறைந்தாலே ஏறக்குறைய 10 அடி போய்விடும். அந்த வேகத்தை உங்கள் கையில் நீங்கள் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பதோடு கெடுதலும்கூட. வேகத்துக்கென்று செதுக்கிய கேம் சக்கரம் உச்ச எடைக்குச் சட்டென்று ஏறி, அதிலேயே நெடுநேரம் வைத்திருந்து, கடைசியில் பள்ளத்தில் தள்ளிவிடும். 45 பவுண்டு முரட்டுக் கேமை விட 50 பவுண்டு மென்மையான கேம் தோளுக்கு இதமாக இருப்பதை இழுத்துப் பார்த்தால் நீங்களே உணர்வீர்கள். மென்மை என்பதை எண்ணாக யாரும் அச்சிடுவதில்லை. நாற்காலிதான் சொல்ல வேண்டும்.

குறைந்த எடையில் விட்டுக்கொடுக்க வேண்டியது தூரத்தை. 20 கெஜத்துக்கு மேல் அம்பு விடாதீர்கள். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், இரண்டு நுரையீரலும் அம்பின் வழியில் இருக்க வேண்டும். முனையும் அதற்கேற்றதாக இருக்கட்டும். பட்டவுடன் விரியும் அகலமான பிராட்ஹெட் (அலகு வைத்த வேட்டை முனை), விரிவதற்கே ஆற்றலைத் தின்றுவிடும். நுனியிலேயே வெட்டத் தொடங்கும் நிலையான இரண்டு அலகு முனைதான் 45 பவுண்டுக்குப் பொருத்தம். அந்த மாநிலத்தில் முனையின் அகலம் குறைந்தது முக்கால் அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஏழு, இருக்க வேண்டும் என்பதையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். 60 பவுண்டுக்கு வாங்கிய பழைய அம்புகள் இந்த வில்லுக்கு விறைப்பாக இருக்கும், ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். 27 அங்குல அம்புக்கு 500 ஸ்பைன் (அம்புத்தண்டின் விறைப்பைக் குறிக்கும் எண்) அளவை முதலில் முயலுங்கள். ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழே எந்த அம்பையும் வில்லில் பூட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இழுப்பு நீளத்தைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள். இரண்டு கைகளையும் விரித்து, விரல் நுனிக்கு நுனி எத்தனை அங்குலமோ அதை இரண்டரையால் வகுப்பது வழக்கமான தொடக்கம். 68 அங்குலம் என்றால் 27-க்குச் சற்று மேல். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் அளந்த எண்ணையே கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். வயதில் முதுகு சற்றுக் கூனும், கழுத்து முன்னால் வரும், வலது தோள்பட்டை முன்போலப் பின்னுக்குப் போகாது. முன்பு 28 இழுத்தவருக்கு இப்போது 27 அல்லது 27½ சரியாக வரலாம். நீளம் அரை அங்குலம் கூடினாலும் வில் பிடித்த இடது கை முட்டி பூட்டிக்கொள்ளும், அந்தத் தோள் மேலே ஏறும். வலது தோளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இடது தோளும் வலிக்கத் தொடங்குவது இப்படித்தான். சந்தேகம் வந்தால் குறைவான நீளத்தையே எடுங்கள். ஐந்தாறு அடி வேகம் போகும், போகட்டும்.

கண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புது வில் வாங்கியும் குறி தவறுகிறவர்களில் பலருக்குக் கண்தான் காரணம், அவர்கள் பழி போடுவது வில்லை. கண்புரை அறுவையில் தூரப்பார்வைக்கான லென்ஸ் வைத்திருந்தால் மான் துல்லியமாகத் தெரியும், கை நீளத்தில் வில்லில் பொருத்தியிருக்கும் குறிமுள் மங்கி, ஒளிப்புள்ளி பூப்போல விரிந்து தெரியும். அதைத் தெளிவாகப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினால் இலக்கு போய்விடும். இலக்கைத்தான் பார்க்க வேண்டும், முள் மங்கலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அது சகிக்க முடியாத அளவுக்கு மங்கினால் நாணில் இருக்கும் பீப் துளைக்குள் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துளை) பொருத்தும் வெரிஃபையர் என்ற சிறு லென்ஸ் இருக்கிறது. அது முள்ளைத் தெளிவாக்கும். கிளாரிஃபையர் என்று இன்னொன்று விற்கும். குறிமுள்ளைச் சுற்றியுள்ள குறிவளையத்தில் பெரிதாக்கும் லென்ஸ் போட்டிருப்பவர்களுக்கானது அது. பெயர் ஒத்திருப்பதால் மாற்றி வாங்கி விடாதீர்கள்.

பீப் துளையின் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. துளை சிறிதானால் ஊசித்துளை வழியாகப் பார்ப்பதுபோல் முள்ளும் இலக்கும் இரண்டுமே கூர்மையாகும், ஆனால் வெளிச்சம் குறையும். மான் வருவது விடியலிலும் அந்தியிலும். நம் தோப்பில் காலை ஒன்பது மணி வெயிலில் அழகாகத் தெரிந்த சிறு துளை, அங்கே மாலை ஐந்து மணிக்கு இருட்டுக் குழியாகிவிடும். கால் அங்குலத் துளை வேட்டைக்கு நடுநிலையானது. குறிமுள் ஐந்து வேண்டாம், மங்கிய கண்ணுக்கு ஐந்தில் எது எது என்று குழம்பும். தடித்த ஒளியிழை உள்ள ஒரே முள், 20 கெஜத்துக்குக் கட்டியது, போதும். நான் மேலே சொன்ன வேகத்தில் அந்த முள்ளை வைத்து 25 கெஜத்தில் விட்டால் அம்பு ஏறக்குறைய நான்கு அங்குலம் தாழ்ந்து விழும். 20-ல் நின்றுவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றேயான புரோகிரசிவ் லென்ஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு வில் பிடிக்காதீர்கள். முகத்தைத் திருப்பி நாணோடு ஒட்டும்போது கண்ணாடியின் ஓரத்து வழியாகப் பார்ப்பீர்கள், ஒவ்வொரு முறையும் வேறு இடம் வாய்க்கும். மதுரையில் உங்களுக்கு அறுவை செய்த மருத்துவரிடமே, வில் பிடிக்கும் நிலையில் நின்று காட்டி, தனிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள்.

வில்லின் உடல் அளவுகளில், அச்சுக்கு அச்சு நீளம், அதாவது இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான தூரம், 31 முதல் 33 அங்குலம் உள்ளதைத் தேடுங்கள். இப்போது 28, 29 அங்குலக் குட்டி வில்கள் பெருகிவிட்டன. கூடாரத்துக்குள் அவை வசதிதான். ஆனால் நாண் கூர்மையான கோணத்தில் மடங்குவதால் பீப் கண்ணை விட்டு விலகிப்போகும், மூக்கை நாணில் தொடக் கழுத்தை வளைக்க வேண்டிவரும். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. பிரேஸ் உயரம் (இழுக்காத நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி) 6½ முதல் 7 அங்குலம் இருந்தால் சிறு தவறுகளை வில் பொறுத்துக்கொள்ளும். கையில் தூக்கும் கனம் வெறும் வில்லுக்கு நான்கு பவுண்டுக்குள் இருக்கட்டும். குறிவளையம், அம்புத்தாங்கி, ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசர், தூணி எல்லாம் ஏறினால் மூன்று கிலோவை நெருங்கும். தூணியைக் கழற்றி முக்காலியின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் ரைசர் (வில்லின் நடுப்பகுதி) இலகுவானது, குளிரில் கையைக் கடிக்காது. பணம் இடம் கொடுத்தால் எடுக்கலாம், இல்லையென்றால் அலுமினியத்தில் குறை ஒன்றும் இல்லை.

நாணைப் பிடித்து இழுத்து விடும் ரிலீஸ் கருவி மணிக்கட்டில் பட்டை கட்டும் வகையாக இருக்கட்டும். விரல் மூட்டுகள் காலையில் விறைக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கையால் பற்றும் வகையில் இழுவை முழுவதும் விரல்களில் விழும், பட்டை வகையில் மணிக்கட்டும் முன்கையும் சுமந்துகொள்ளும்.

குறிப்பிட்ட வில்லின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். டயமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் புரோ 5 முதல் 70 பவுண்டு வரையும், இழுப்பு நீளம் 13 முதல் 31 அங்குலம் வரையும் மாற்றக்கூடியது. பேர் (Bear) நிறுவனத்தின் குரூஸர் ஜி2-வும் அதே எடை வரம்பு, 12 முதல் 30 அங்குலம். இளைஞர்களுக்கும் தொடக்கக்காரர்களுக்கும் என்று வந்த வில்கள் இவை. தோள் தேறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் இவை நன்றாகவே பொருந்தும், 30-ல் ஆரம்பித்து மாதக்கணக்கில் மெல்ல ஏற்றலாம். கையில் தூக்கும் கனம் இரண்டிலும் மூன்று பவுண்டை ஒட்டித்தான். அச்சு நீளத்தில் எட்ஜ் புரோ நான் சொன்ன வரம்பின் கீழ் விளிம்பில் நிற்கிறது, குரூஸர் அதற்கும் கொஞ்சம் குறைவு, கழுத்து ஒத்துழைத்தால் பரவாயில்லை. இவற்றைவிட மேலான வில் வேண்டுமென்றால் எலைட், மேத்யூஸ், ஹாய்ட் போன்ற நிறுவனங்களின் 40–50 லிம்ப் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் 60–70. “இதையே குறைத்துத் தருகிறோம்” என்பார்கள். பொதுவாகப் பத்துப் பவுண்டுக்கு மேல் குறையாது. எந்த வில்லும் தன் உச்ச எடைக்கு அருகில் வைக்கும்போதுதான் முழுத் திறமையோடும் அதிர்வின்றியும் பாயும்.

பெயரை விட முக்கியமான ஒன்று நம் ஊருக்கென்றே இருக்கிறது. இழுப்பு நீளத்தையும் எடையையும் பிரஸ் இயந்திரம் இல்லாமல், ஆலன் சாவியாலேயே மாற்ற முடிகிற வில்லாக இருக்க வேண்டும். நாணைக் கழற்றிப் பூட்டும் பிரஸ் இராமநாதபுரம் கரையில் தேடினால் கிடைக்காது. கேமில் இருக்கும் மாட்யூலைச் சுழற்றி நீளம் மாற்றும் அமைப்பு இருந்தால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அரை அங்குலம் குறைத்துப் பார்க்கலாம். நாணில் ரிலீஸ் கருவியை மாட்டும் டி-லூப் கயிறும் சுற்று நூலும் உபரியாக வாங்கிவந்து, லூப் கட்டும் முறையை அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். லிம்ப் போல்ட்டைக் கையேட்டில் சொன்ன சுற்றுகளுக்கு மேல் ஒருபோதும் தளர்த்தாதீர்கள்.

அடுத்து உப்பு. பாக் நீரிணைப் பக்கமானாலும் மன்னார் வளைகுடாப் பக்கமானாலும் காற்றில் உப்பு ஒன்றுதான். கேம் சக்கரத்தின் அச்சு லிம்பைத் தாண்டி வெளியே வரும் இடத்தில், அதைப் பூட்டியிருக்கும் சிறு வளையத்தைச் சுற்றி, சில வாரங்களில் வெண்மையாகப் பொரிப்பொரியாகப் பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் அடியில் பழுப்பு நிறம் தெரியும். அங்கேதான் துரு ஆரம்பிக்கிறது. அடுத்து குறிவளையத்தின் கறுப்புத் திருகுகள், அம்புத்தாங்கியின் சிறு பூட்டுத் திருகுகள். ஒருமுறை துருப்பிடித்துவிட்டால் ஆலன் சாவி உள்ளே வழுக்கிச் சுற்றும், திருகைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வில் முழுவதையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, அச்சின் முனைகளிலும் திருகுகளிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு வையுங்கள். எண்ணெய் நாணில் படக் கூடாது. நாணை முதலில் காய்ந்த துணியால் உருவி உப்புத் துகளை நீக்கிவிட்டுத்தான் மெழுகு தேய்க்க வேண்டும். துகளோடு மெழுகைத் தேய்த்தால் அது உள்ளே புகுந்து இழையை அறுக்கும். கடற்கரை மணலில் வில்லைக் கிடத்தாதீர்கள். பகல் வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். அந்தச் சூட்டில் நாண் நீண்டு பீப் திரும்பிவிடும், லிம்பின் ஒட்டுகளுக்கும் கேடு. நாணை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். நம் கரையில் இரண்டாவது வருடமே மாற்றிவிடுவது நல்லது, அதை மகன் வீட்டுக்குப் போகும் பயணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்பில் பயிற்சி செய்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, நிபந்தனை உண்டு. குறிப்பலகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண் அணை வேண்டும். கடலை நோக்கி விடக் கூடாது. கரைவலை இழுப்பவர்கள் எந்த நேரத்தில் கரையில் நடப்பார்கள் என்று சொல்ல முடியாது. 45 பவுண்டு வில்லும் சற்று மேல்நோக்கி விட்டால் அம்பை 200 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்ப் போடும். உரச் சாக்கில் பழைய துணியை இறுக்கித் திணித்துத் தொங்கவிட்டால் மொட்டை முனை அம்புக்கு அருமையான இலக்கு. அடியில் இறங்கிவிடும் துணியை அவ்வப்போது குலுக்கிச் சரிசெய்ய வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். 20 கெஜத்தில் காற்று அம்பைத் தள்ளுவது குறைவு, வில்லையும் உங்களையும் தள்ளுவதுதான் அதிகம். அதை எதிர்த்து இறுக்கிப் பிடிப்பதில் தோள் களைத்துவிடும்.

தோப்பில் முயலும் கௌதாரியும் மயிலும் வரும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே எதையும் வேட்டையாட அனுமதி இல்லை, பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைக்கூட நாமாக அம்பெய்ய முடியாது. உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனால் வேட்டை வில்லோடு தோப்பில் நிற்பவரைப் பார்க்கிற வனத்துறை ஊழியருக்கு அது தெரியாது. எதிரே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி என்று சுற்றிலும் பறவைச் சரணாலயங்கள். பிராட்ஹெட் முனைகளை மகன் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே மொட்டை முனை மட்டும் இருக்கட்டும்.

அம்பு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு இருபது முப்பது போதும், அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள். தொடங்குமுன் ரப்பர் பட்டையை இழுத்துத் தோளைச் சூடாக்குங்கள். மறுநாள் தசையில் இருக்கும் அசதி வேறு, அந்தத் தோளின்மேல் படுத்தால் இரவில் விழிக்க வைக்கும் வலி வேறு. இரண்டாவது வந்தால் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் தோள் இறுகிப்போவது சீக்கிரம் வரும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கைக் காப்பு இல்லாமல் நாணைத் தொடாதீர்கள்.

40-ம் முடியாமல் போனால் என்ன செய்வது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அந்த வரியில் கவலை தெரிந்தது. பென்சில்வேனியாவில் வில் வேட்டைப் பருவத்திலேயே குறுக்கு வில்லுக்கும் அனுமதி உண்டு. கைப்பிடியைச் சுழற்றி நாணேற்றும் வகையில் தோளுக்கு வேலையே இல்லை. இலக்கைக் குறிபார்க்கும் விளையாட்டாகத் தொடர்வதற்கோ 30 பவுண்டே தாராளம். உலக வில்வித்தைக் கூட்டமைப்பு காம்பவுண்டு போட்டிகளில் 60-க்கு மேல் அனுமதிப்பதே இல்லை, 50 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தனிப் பிரிவும் வைத்திருக்கிறது. கைகள் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைத் தாங்கித் தோளால் இழுத்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். ஒவ்வோர் உடம்புக்கும் ஏற்றபடி வில்லைக் கட்ட முடியும். உங்கள் தோளுக்கும் முடியும்.

இப்போதே வில் வாங்கி அனுப்பச் சொல்லி மகனிடம் சொல்லாதீர்கள். நீங்கள் இழுத்துப் பார்க்காத வில் வேண்டாம். செப்டம்பர் தொடக்கத்திலேயே போய்விடுங்கள், பருவம் திறப்பதற்கு முன் வில்லோடு பழகச் சில வாரங்கள் கிடைக்கும். பழைய வில்லைக் கொண்டுபோக வேண்டாம். புதியதைக் கடினப் பெட்டியில், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, சரக்குப் பைகளோடு திரும்பக் கொண்டுவாருங்கள். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் கேட்பார்கள். அதுவரை ரப்பர் பட்டையும் மருத்துவர் சொன்ன பயிற்சியும் போதும். விரித்த கைகளின் அளவு, உங்கள் உயரம், கண்ணாடியின் எண், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் இந்த நான்கையும் எழுதி அனுப்பினால், கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதை மகனுக்குப் புரியும்படி தனியாகக் குறித்துத் தருகிறேன்.